செத்தானா, இல்லையா: படுகளமும் கொலைப் படங்களும்

எனக்குப் பத்து வயசு இருக்கும்போது, பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஒரு டென்ட்டுக் கொட்டகையில், தெலுங்கிலிருந்து டப் செய்த ஒரு கொலைப் படம் பார்த்தேன். படத்தின் பெயர் மறந்துவிட்டது. கருப்புக் கையுறை போட்ட ஒரு கை, அதில் ஒரு கத்தி, வரிசையாகச் சாகும் பெண்கள். இவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது. படத்தைவிட அன்றைக்குக் கொட்டகையில் நடந்ததுதான் இன்னும் மறக்கவில்லை.

ஆபரேட்டர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார். கடைசிக்கு முந்தின ரீல் இடைவேளைக்கு முன்னாலேயே வந்து, கொலைகாரன் யார் என்பது அரை மணி நேரத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துபோனது. யாரும் எழுந்து போகவில்லை. சிரித்தார்கள், ரெண்டு பேர் விசில் அடித்தார்கள். அடுத்த ரீலில், ஏற்கெனவே செத்துப்போன ஒரு பெண் உயிரோடு வந்து வீட்டுக் கதவைத் திறந்தாள். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அவள் விளக்கில்லாத மாடிப்படியில் காலை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "போகாதம்மா" என்று மணல் தரையிலிருந்து ஒரு குரல். அவள் சாகப்போகிறாள் என்று தெரியும், யார் கையால் என்றும் தெரியும். இருந்தாலும் கத்தினார்கள்.

பிரச்சனை கடைசி ரீலில்தான் வந்தது. கொலைகாரனைத் துரத்திக்கொண்டு ஓடுகிற இடத்தில் ஃபிலிம் அறுந்தது. ஒட்டிப் பார்த்தார்கள், மறுபடி அறுந்தது. "அவ்ளோதான், படம் முடிஞ்சிடுச்சு, எல்லாரும் போலாம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவ்வளவுதான்! மணலை வாரித் திரைமேல் இறைத்தார்கள், பெஞ்சு ரெண்டு உடைந்தது. முக்கால்வாசிப் படம் பார்த்த ஜனங்களுக்கு டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ரொம்ப நாள் இது எனக்குப் புரியவில்லை. கொலைப் படத்தின் ருசி "யார் கொன்றது" என்பதில்தான் இருக்கிறது என்றால், ரீல் மாறியபோதே கலாட்டா நடந்திருக்க வேண்டும். ரகசியம் போனதைப் பற்றிக் கவலைப்படாத கூட்டம், முடிவு போனதற்குப் பெஞ்சை உடைத்தது. அப்படியானால் அவர்கள் எதற்குக் காசு கொடுத்தார்கள்?

இந்தக் கேள்வியைத் திரும்ப எடுக்க வைத்தது என் மகள். 'ராட்சசன்' (2018) படத்தை நாலாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் தெரிஞ்சதுதானேம்மா, என்ன இருக்கு இதுல?" என்று கேட்டேன். "தெரியும், அதான்பா பாக்கறேன்" என்றாள். பதில் சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது.

முதலில் அந்த வகைப் படத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆங்கிலத்தில் ஸ்லாஷர் என்பார்கள். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) அதற்குப் பாட்டன். சூத்திரமாகக் கெட்டிப்பட்டது ஜான் கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்' (1978) படத்தில். சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த சின்னப் படம். இசையைக் கார்ப்பென்டரே போட்டுக்கொண்டார். கொலைகாரனின் முகமூடிகூடக் கடையில் வாங்கினதுதான். 'ஸ்டார் ட்ரெக்' கதாநாயகனின் முக அச்சில் செய்த ரப்பர் முகமூடிக்கு வெள்ளை அடித்துப் போட்டார்கள். 1980-இல் 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' வந்தது. அதற்கப்புறம் வந்ததெல்லாம் நகல், நகலின் நகல். பழைய குற்றம் ஒன்று, அதன் நாள் திரும்பி வருதல், தனித்த இடம், இளசுகள், ஒவ்வொருவராகச் சாவது, கடைசியில் ஒரே ஒரு பெண் மிஞ்சி எதிர்த்து நிற்பது. மிஞ்சும் அந்தப் பெண்ணுக்குக் 'கடைசிப் பெண்' என்று பெயர் வைத்தவர் கேரல் க்ளோவர் என்ற பேராசிரியை. 1987-இல் கட்டுரையாக எழுதி, 1992-இல் புத்தகமாக்கினார். இந்தப் படங்களுக்கு அதிகம் போவது வாலிபப் பசங்கள்; ஆனால் படம் போகப்போக அவர்கள் பார்ப்பது அந்தப் பெண்ணின் கண் வழியாக, பயப்படுவது அவளாகவே ஆகி என்பது அவர் வாதம். இதைப் பின்னால் மறுபடி எடுக்கிறேன்.

இப்போது தேதியைப் பாருங்கள். 'ஹாலோவீன்' வெளியானது 1978 அக்டோபர். பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வெளியானதும் 1978 அக்டோபர். ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்திருக்க வழியே இல்லை. ஆனால் கணக்கு ஒன்றாக இருக்கிறது. அங்கே சாகிறவர்கள் காதலனோடு கட்டிலுக்குப் போகிறவர்கள், பிழைப்பவள் புத்தகமும் கையுமாகக் குழந்தை பார்த்துக்கொள்ளும் பெண். இங்கே திலீப்போடு கல்யாணமில்லாமல் போகிறவர்கள் ரோஜாத் தோட்டத்துக்கு அடியில் போகிறார்கள். கல்யாணம் பண்ணிக்கொண்டால்தான் என்று நிற்கும் சாரதா பிழைக்கிறாள். பூட்டிய அறையில் உண்மையைக் கண்டுபிடித்து, ராத்திரியில் ஓடித் தப்பிக்கிறாள். கடைசிப் பெண்ணுக்கு அந்தப் பெயர் வைக்க ஒன்பது வருஷம் இருக்கும்போதே நம் ஸ்ரீதேவி அதுவாக ஓடிவிட்டார்!

'சிகப்பு ரோஜாக்கள்' தெலுங்கில் 'எர்ர குலாபீலு' ஆனது. 1980-இல் பாரதிராஜாவே ராஜேஷ் கன்னாவை வைத்து இந்தியில் 'ரெட் ரோஸ்' எடுத்தார். அதே வருஷம் பாலு மகேந்திராவின் 'மூடுபனி', 1984-இல் மணிவண்ணனின் 'நூறாவது நாள்', 1985-இல் வம்சியின் 'அன்வேஷணா' (தமிழில் 'பாடும் பறவைகள்'), 1986-இல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த 'ஊமை விழிகள்'. 'நூறாவது நாள்' படத்தில் மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி, சிவப்புக் கோட்டோடு வந்த சத்யராஜை வைத்து எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினார்கள். எல்லைப் பக்கம் இருந்ததால் எங்களுக்கு இது ரெண்டு பங்கு: தமிழில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை.

எல்லை என்று சொன்னதை விளக்க வேண்டும். பள்ளிப்பட்டு இன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டம். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, 1959 சட்டம் எல்லாம் முடிந்து திருத்தணி இந்தப் பக்கம் வந்தபோது நாங்களும் வந்தோம். தறி ஓட்டும் வீடுகளில் பாதி தெலுங்கு பேசும். திரௌபதி அம்மன் கோயில் என்று தெற்கே சொல்வதை இங்கே 'தர்மராஜா கோயில்' என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சித்தூர்ப் பக்கம் அதுதான் வழக்கு. கோடு மாறினாலும் ரெண்டு பக்கமும் மாறாத ஒன்று, கோடையில் நடக்கும் பாரதம்.

தெரியாதவர்களுக்கு: சித்திரை, வைகாசியில், வயலில் வேலை இல்லாத நாட்களில், பெரும்பாலும் பதினெட்டு நாள் நடக்கும். பகலில் வில்லிபாரதத்தை வைத்துப் பிரசங்கம், ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து. துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கீசகன், கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ணன் என்று போய், கடைசி ராத்திரி பதினெட்டாம் போர். விடிந்ததும் படுகளம். கோயில் வெளியில் களிமண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்துச் செய்திருப்பார்கள். இருபது, முப்பது அடி இருக்கும், மீசையோடு, கிரீடத்தோடு. தொடையில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை மறைத்து வைத்திருப்பார்கள். வேஷம் கட்டின பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றிச்சுற்றி ஓடுவார்கள். கடைசியில் பீமன் தொடையில் அடிப்பான். சிவப்பு பீறிடும். அதைத் தொட்டுத் திரௌபதியின் விரித்த கூந்தலில் தடவி, வாரி, பூ வைத்து முடிவார்கள். துரியோதனன் பெண்சாதி பெருந்திருவாள் வந்து மாரடித்து அழுவாள். சாயங்காலம் தீமிதி.

ஆல்ஃப் ஹில்டபெய்டல் என்ற அமெரிக்கர் செஞ்சிப் பக்கம் வருஷக்கணக்காக இருந்து திரௌபதி வழிபாட்டைப் பற்றி ரெண்டு பெரிய தொகுதிகள் எழுதினார் (1988, 1991). ரிச்சர்ட் ஃப்ராஸ்கா கூத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் போட்டார் (1990). ரெண்டையும் வேறு ஒரு வேலைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கொட்டகை மணல் ஞாபகம் வந்தது. துரியோதனன் சாவான் என்று தெரியாத ஒரு ஆள்கூடப் படுகளத்துக்கு வருவதில்லை. யார் கொல்வது, எங்கே அடிப்பது, எத்தனை மணிக்கு, எல்லாம் நோட்டீசிலேயே போட்டிருக்கும். ஆனாலும் ஏழு மணிக்கு வெய்யிலில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள்.

கூத்துக்காரர்கள் ரகசியத்தை நம்பி எதையுமே செய்வதில்லை. கட்டியங்காரனைப் பாருங்கள். அவன் கோமாளி, ஆனால் வழிகாட்டியும் அவன்தான். வரப்போகிறவன் யார், என்ன நடக்கப்போகிறது என்று முன்னாலேயே சொல்லிவிடுவான், ராஜாவை நிறுத்தி "நீ யாருய்யா?" என்று கேட்பான், சாகப்போகிறவனையே கிண்டல் பண்ணுவான். 1996-இல் 'ஸ்க்ரீம்' வந்தபோது, கொலைப் படத்தில் பிழைப்பதற்கு என்னென்ன விதி என்று ஒரு பையன் பாத்திரமே சொல்லிக்காட்டுவதைப் புதுமை என்று கொண்டாடினார்கள். நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. எங்கள் ஊரில் அந்த வேலைக்குக் கோணல் குல்லாய் வைத்த ஒரு ஆள் ஏற்கெனவே இருந்தான் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

துரியோதனன் நுழைவதும் அப்படித்தான். ரெண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பின்னாலிருந்து பாட்டு. மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டின கால். துணிக்குப் பின்னால் யார் என்று மூணு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் துணியை இறக்கும் அந்த நிமிஷத்துக்கு முன்னால் வயிறு ஒரு மாதிரி இழுக்கும். 'ஹாலோவீன்' படத்தில் அந்தப் பியானோ ஆரம்பித்ததும் வரும் அதே இழுப்பு. பயம் தெரியாத பொருளிடம் வருவது என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கே அதற்கு நேர்மாறாக இருக்கிறது. எதற்குப் பயப்படணும் என்று தெரிந்தால்தான் ஆயிரம் பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் பயப்பட முடியும். ரகசியம் வைத்த கதையில் ஒவ்வொருவனும் தனியாக யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஆக, கொட்டகைக் கூட்டத்துக்கு என் பதில் இது. அவர்கள் விடுகதைக்குக் காசு கொடுக்கவில்லை, ஒரு கணக்கு தீருவதைப் பார்க்கக் கொடுத்தார்கள். கணக்கு திறக்கப்பட்டது, செலவு எழுதப்பட்டது, தீர்க்கிற ரீல் மட்டும் அறுந்துவிட்டது. பாரதம் பார்த்து வளர்ந்த ஜனம் அதைப் பொறுக்காது. கூத்திலிருந்துதான் கொலைப் படம் வந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் கிடையாது, நான் தேடவும் இல்லை. பார்க்கிறவனின் பழக்கத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் எனக்குச் சௌகரியம். நானும் பல வருஷம் இங்கேதான் நிறுத்தியிருந்தேன். எங்கள் ஆயாதான் விடவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு நாள் டி.வி.யில் 'சிகப்பு ரோஜாக்கள்' போட்டார்கள். ஆயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். படுகளத்தில் முதல் வரிசையில், முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, ரத்தத்தை வாய் திறந்து பார்க்கிற ஆள் அவர். எனக்குச் சிரிப்பு.

"ஏன் ஆயா, பயமா? துரியோதனன் சாகறத மட்டும் வருஷா வருஷம் பாக்கறியே."

"அவன் பொடவைய இழுத்தவன்டா. இதுங்க இன்னாடா பண்ணுச்சுங்க?"

அப்போது இதற்கு நான் பதில் யோசிக்கவே இல்லை. இருபது வருஷம் கழித்து க்ளோவரைப் படிக்கும்போதுதான் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்தது. ரெண்டு சூத்திரத்திலும் சாவு முன்னாலேயே தெரியும், ரெண்டிலும் கூட்டம் காத்திருக்கிறது. ஆனால் எந்தக் கணக்கு, யார் பேரில்? படுகளத்தில் கடன்காரன் துரியோதனன், வசூலிக்கிறவள் கூந்தலை விரித்துப் போட்டவள். கொலைப் படத்தில் வழியெல்லாம் செலவாகிறவர்கள் பெண்கள். அவர்கள் செய்த தப்பு என்று படம் காட்டுவது ஒரு ஆளை நம்பி வீட்டுக்குள் போனது. கடைசியில் ஒருத்தி பிழைப்பதால் மற்றவர்களின் கணக்கு மூடப்பட்டதாக நாமும் எழுந்து வந்துவிடுகிறோம். 'சிகப்பு ரோஜாக்கள்' முடிவில் திலீப் சிறையில் புத்தி பேதலித்துச் சாரதா பேரையே சொல்லிக்கொண்டிருப்பான், அவள் அவனைப் பார்க்க வந்துகொண்டிருப்பாள். பரிதாபம் அவனுக்குப் போய்ச் சேர்கிறது. தோட்டத்தில் புதைந்தவர்களுக்கு ஒரு பெருந்திருவாள்கூட அழவில்லை. துரியோதனனுக்கே அழ ஆள் வைத்த சூத்திரம் நம்முடையது.

க்ளோவர் சொன்ன அந்தக் கண் விஷயமும் இங்கே இருக்கிறது. கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுகிறவர் ஆண். பகலில் அவருக்குத் தாடி மழித்த பச்சை தெரியும். துகிலுரியும் ராத்திரியில், துச்சாதனன் வேஷக்காரர் புடவையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, தாயே மன்னிச்சுடு என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். சில சமயம் சாமி வந்து கீழே விழுந்துவிடுவார், தண்ணீர் தெளிப்பார்கள். தொடுவது நடிப்பாக இருந்தாலும் தப்பு என்பது அந்தச் சூத்திரத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறது. பத்து வயசுப் பையன்களாக நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். கொட்டகையில் அதே பையன்கள், மாடிப்படியில் பெண் காலை வைத்ததும், "போகாதம்மா" என்று கத்தினவர்களுக்குப் பின்னாலிருந்து விசில் அடித்தோம். நானும் அடித்தேன்.

மாற்றிச் சொல்லவேண்டிய ஒன்றும் உண்டு. கணக்கு தீருவது என்றேன், ஆனால் அமெரிக்கச் சூத்திரம் அதைத் தீர்க்காமல் விடத் தெரிந்தது. 'ஹாலோவீன்' முடிவில் ஆறு குண்டு வாங்கி மாடியிலிருந்து விழுந்தவன், எட்டிப் பார்த்தால் புல்வெளியில் இல்லை. அந்த இல்லாமைதான் அவர்களுக்குப் பதிமூணு படம் வரைக்கும் சோறு போட்டது. ஜேசன் கதை இன்னும் வேடிக்கை: முதல் படத்தில் அவன் கொலைகாரனே கிடையாது, அவன் அம்மாதான். அந்த ஹாக்கி முகமூடி மூணாவது படத்தில்தான் (1982) வந்தது. சாகாத வில்லன் வியாபாரத் தந்திரம் என்பார்கள், உண்மைதான். ஆனால் எங்கள் துரியோதனனும் ஒவ்வொரு வைகாசியிலும் எழுந்து வந்து படுத்துக்கொள்கிறான். அடித்து முடித்ததும் அவன் மண்ணைப் பிய்த்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஆயா நெல் குதிரில் போட்டுவைப்பார். மிச்சம் மழையில் கரைந்து மறுபடி தரையாகும். அடுத்த வருஷத்துக்கு மண் வெட்டுவது அதே பக்கத்தில்தான்.

மழை என்றதும் ஒரு வருஷம் ஞாபகம் வருகிறது. நான் பத்தாவது படித்த கோடை, பக்கத்து ஊர்ப் படுகளம். ராத்திரியே மேற்கே மின்னிக்கொண்டிருந்தது. காலையில் பீமன் ரெண்டு சுற்று ஓடியிருப்பான், கொட்ட ஆரம்பித்தது. மத்தளத்தைத் துணி போட்டு மூடினார்கள். துரியோதனன் மீசை முதலில் வழிந்தது, அப்புறம் மூக்கு. தொடையிலிருந்து சிவப்பு தானாகவே கசிய ஆரம்பித்தது. இப்படியே விட்டால் அடிக்காமலே செத்துப்போவான் என்று யாரோ கத்தினார்கள். ஊரே ஓடியது. லாரித் தார்ப்பாய், நெல் காயப்போடுகிற பாய், ஒரு கல்யாணப் பந்தல் துணி, கைக்குக் கிடைத்ததெல்லாம் வந்தது. நூறு பேர் சுற்றி நின்று, புடவை இழுத்தவன் மேல் ஒரு சொட்டு விழாமல் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றோம். பீமன் வேஷக்காரர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, துரியோதனன் காலடியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

தறி வீட்டுக்காரர் ஒருத்தர் அப்போதுதான் குடையோடு ஓடிவந்தார். தார்ப்பாய்க்கு அடியில் குனிந்து பார்த்து, "சச்சாடா, லேதா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல" என்றார் ஆயா. "அந்த மூலையப் புடி."